எல்லைக்கல்லின் இருபுறமும்
நாவலப்பிட்டியும் மலைநாட்டு ஊராட்சியின் வரலாறும்

வரலாறு என்றவுடன் மன்னர் புரிந்த போர்களும் பேரரசுகளின் எழுச்சி வீழ்ச்சிகளுமே மாணவர் உள்ளத்தில் முந்தி நிற்றல் இயல்பு. ஆயினும் ஒரு நகரில் வாழ்பவனது நாளாந்த வாழ்வை ஆளுவன அவையல்ல. அவன் குடிக்கும் நீர் எங்கிருந்து வருகின்றது, அவன் தெருவின் கழிவுநீர் எவ்வழியே ஓடுகின்றது, இரவில் முச்சந்தியில் விளக்கு எரிகின்றதா, அவன் பிள்ளைகள் ஓடியாட ஒரு வெளியுண்டா, அவன் இறந்தபின் உடலை அடக்க ஓர் இடமுண்டா என்பனவற்றையெல்லாம் தீர்மானிப்பது, மாதந்தோறும் ஒரு மேசையைச் சுற்றி அமரும் ஒரு சிறு சபையேயாகும். அச்சபையின் தீர்மானங்கள் கூட்டக் குறிப்பேட்டில் இரண்டு வரியில் அடங்கிவிடும். அவற்றின் விளைவோ தலைமுறை தலைமுறையாக நீடிக்கும்.

இத்தகைய சபைகளின் வரலாற்றை ஆராயுமிடத்து, சபை எதைத் தீர்மானித்தது என்பதனிலும் முதன்மையான வினா ஒன்று எழுகின்றது. யாரைத் தன் மக்களெனக் கொண்டு அது தீர்மானித்தது என்பதே அவ்வினா. கண்டி மாநகரிலும் அதன் தெற்கே மகாவலி கங்கைக் கரையில் அமைந்த நாவலப்பிட்டியிலும் இவ்வினாவுக்கு விடை கூறியது நகரின் எல்லைக்கல்லேயாம். கல்லின் ஒருபுறம் வரியிறுப்போரும் வாக்காளரும் வாழ்ந்தனர். மறுபுறம் தோட்டங்களும் லயன்களும் இருந்தன. இவ்விரு புறத்துக்கும் இடையே நின்ற கோடு எவ்வாறு தோன்றியது, எவ்வாறு இறுகியது, எவ்வாறு தளர்ந்தது என்பதை நோக்குவதே இக்கட்டுரையின் கருத்தாகும்.

பாதையும் தலைவரியும்

மலைநாட்டில் ஆங்கிலேயர் முதன்முதல் வேண்டியது பாதையே. 1815இல் கண்டி இராச்சியம் அவர் கைப்பட்டபின், தேசாதிபதி எட்வேட் பான்ஸ் காலத்தில் கொழும்பிலிருந்து கண்டிக்குப் பெருந்தெரு அமைக்கப்பட்டது. அதற்கான உழைப்பை இராஜகாரியம் என்னும் பழைய கட்டாய ஊழிய முறை வழங்கிற்று. கோல்புறூக் விசாரணைக் குழுவினரின் விதப்புரையின்படி 1832இல் இராஜகாரியம் ஒழிக்கப்பட்டது. ஒழிக்கப்பட்ட கட்டாய உழைப்பு பதினாறு ஆண்டுகளில் வரியின் வடிவில் திரும்பி வந்தது. தேசாதிபதி டொரிங்டன் 1848இல் விதித்த வீதிச் சட்டம், வயதுவந்த ஆடவர் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஆறு நாள் வீதி வேலை செய்தல் வேண்டும், அன்றேல் மூன்று சிலிங் பணம் இறுத்தல் வேண்டும் என்றது. துவக்குக்கும் நாய்க்கும் கடைக்கும் விதிக்கப்பட்ட வரிகளோடு இதுவும் சேர்ந்து, அவ்வாண்டு மாத்தளையிலும் குருநாகலிலும் மூண்ட கிளர்ச்சிக்குக் காரணமாயிற்று என்பதை யாவரும் அறிவர்.

கிளர்ச்சி அடக்கப்பட்ட பின்னரும் தலைவரி அகலவில்லை. 1861ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கப் பெருந்தெருக் கட்டளைச்சட்டம் அதனை ஒழுங்குபடுத்தி, மாகாண வீதிக்குழு, மாவட்ட வீதிக்குழு என்னும் அமைப்புகளை நிறுவியது. அரசாங்க அதிபரின் தலைமையில் உத்தியோகத்தரும் ஊர்ப் பிரமுகரும் கூடி, எந்தப் பாதையைத் திருத்துவது, எந்தப் பாலத்தைக் கட்டுவது எனத் தீர்மானித்தனர். மலைநாட்டின் கிளைப்பாதைகளுக்குத் தோட்டச் சொந்தக்காரர் செலவின் ஒரு பகுதியை ஏற்க, எஞ்சியதை அரசாங்கம் கொடுக்கும் வழக்கமும் ஏற்பட்டது. ஆதலின் கோப்பி வண்டி செல்லவேண்டிய இடத்துக்குப் பாதை விரைவில் சென்றது. கிராமத்து விவசாயி நடக்கும் வழி ஒற்றையடிப் பாதையாகவே நின்றது.

இச்சட்டத்தில் கருதத்தக்க விதிவிலக்கு ஒன்றுண்டு. புத்த பிக்குகளும் போர்வீரரும் போலவே, தென்னிந்தியாவிலிருந்து வந்த தோட்டத் தொழிலாளரும் இத்தலைவரியினின்று விலக்கப்பட்டனர். தொழிலாளர் வரவைத் தடுக்கக்கூடாது என்பதே இச்சலுகையின் நோக்கம். அன்று இது அவர்க்குச் செய்த உதவியாகவே தோன்றியிருக்கும். ஆயினும் உள்ளூர்ச் செலவுக்கு வரி கொடாதவன் உள்ளூர் விவகாரத்தில் வாய்திறக்க உரிமையற்றவன் என்னும் வாதத்துக்கு இதுவே வித்தாயிற்று. சலுகையாக வந்தது காலப்போக்கில் விலங்காக மாறியது.

கண்டி மாநகரசபை

1865ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம் இலங்கையில் மாநகரசபைகளைத் தோற்றுவித்தது. கொழும்பும் கண்டியும் அதன் முதற்பேறுகள். கண்டி மாநகரசபையின் முதற் கூட்டம் 1866ஆம் ஆண்டு மார்ச்சு 20ஆம் நாள் நடைபெற்றது. மக்களால் தெரிவுசெய்யப்பட்ட உறுப்பினர் ஓர் அரசாங்க சபையில் அமரும் வாய்ப்பு இந்நாட்டில் தோன்றியது சட்டநிரூபண சபையிலன்று, இத்தகைய நகரசபைகளிலேதான் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. ஆனால் வாக்குரிமை சொத்துள்ள ஆடவர்க்கே இருந்தது. தலைமைப் பீடமோ அரசாங்க அதிபருடையதாயிற்று. பொலிசுச் செலவையும் நகர்ப் பராமரிப்புச் செலவையும் அரசாங்கத் திறைசேரியிலிருந்து நகரத்தாரின் தோளுக்கு மாற்றுதலும் சட்டத்தின் உள்நோக்கங்களுள் ஒன்றாகும். உரிமையின் பெயரால் வந்த சபை முதலிற் கொணர்ந்தது சோலைவரியே எனலாம். கண்டியில் முதன்முதல் தெரிவுசெய்யப்பட்ட மேயராகச் சேர் கூடா ரத்வத்தை பதவியேற்பதற்கு, 1939இல் செய்யப்பட்ட சட்டத் திருத்தம் வரை நகரம் காத்திருக்க வேண்டியதாயிற்று.

இவ்வாறாயினும் கண்டிச் சபை செய்த நற்காரியங்களை மறுத்தல் நேர்மையன்று. அவற்றுள் தலையாயது நகரின் நீர் விநியோகமாகும். நகருக்கு மேலேயுள்ள துனுமடலாவைக் குன்றில் நீர்த்தேக்கங்கள் அமைக்கப்பட்டன. கோப்பியும் கொக்கோவும் தேயிலையும் பயிரிடப்பட்ட அந்நிலம் நீரேந்து பகுதியாகக் காக்கப்பட்டமையால், பயிர் கைவிடப்பட்ட இடத்தில் மீண்டும் காடு வளர்ந்தது. இன்று மாநகரசபையின் பொறுப்பிலுள்ள அவ்வனம் பறவைகளுக்கும் பல்வகை மரங்களுக்கும் புகலிடமாய் விளங்குகின்றது. குடிநீரைக் கருதிய ஏற்பாடொன்று, கேளாமலே நகருக்கு ஒரு காட்டையும் ஈந்தது. தொலைநோக்கோடு செய்யப்படும் ஒரு தீர்மானம் தன் நோக்கத்தையும் கடந்து பயன் தரும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

பூங்காக்களின் பெயர்களும் வரலாறு கூறுவனவே. கடைசி மன்னன் சிறீ விக்கிரம இராஜசிங்கன் அமைத்த வாவியை நோக்கிய மேட்டிலுள்ள பூங்கா, மத்திய மாகாண அரசாங்க அதிபராயிருந்த ஹேபேட் வேஸ் என்பவரின் பெயரைத் தாங்கி நிற்கின்றது. நகரின் மற்றொரு பூங்கா ஜோர்ஜ் ஈ. டீ சில்வாவின் பெயரைப் பெற்றது. அவர் கண்டி மக்களின் பிரதிநிதியாக அரசாங்க சபையில் அமர்ந்து, 1942 முதல் 1947 வரை சுகாதார மந்திரியாக விளங்கியவர். மன்னன் வாவியிலிருந்து ஏஜெண்டுத் துரையின் பூங்காவுக்கும், அதிலிருந்து மக்கட் பிரதிநிதியின் பூங்காவுக்கும் செல்லும் வழி சில நிமிட நடைதான். இலங்கையின் அரசியல் அவ்வழியை நடந்து முடிக்க நூறாண்டுக்கு மேலாயிற்று.

ஆனால் அப்பூங்காக்களின் குப்பையை அள்ளியவரும் கழிவுக் கூடைகளைச் சுமந்தவரும் யாவர்? கண்டி நகரின் மஹியாவைப் பகுதியில் சபையின் துப்புரவுத் தொழிலாளர் குடியமர்த்தப்பட்டனர். தமிழ்நாட்டிலிருந்து வந்தோரின் வழித்தோன்றல்களான அவர்கள் எல்லைக்கல்லுக்கு உள்ளேயே வாழ்ந்தனர். எனினும் நெருக்கமான சிறு அறைகளும் போதாத நீர்க்குழாய்களுமே அவர்க்கு வாய்த்தன. நகரைச் சுத்தஞ்செய்தவரின் குடியிருப்பே நகரின் வசதிகளில் கடைசியாக நின்றது. எல்லைக்கு உள்ளே இருத்தல் மட்டும் போதாது, சபையின் கணக்கில் இருத்தலும் வேண்டும் என்பதை மஹியாவை புலப்படுத்துகின்றது.

புகையிரதம் படைத்த நகரம்

கண்டியைப் போல மன்னர் தலைநகராய் இருந்த பெருமை நாவலப்பிட்டிக்கு இல்லை. அதனை நகராக்கியது இருப்புப்பாதையே. 1867இல் கண்டியை எட்டிய புகையிரதப் பாதை, பேராதனையிலிருந்து பிரிந்து தெற்கு நோக்கிச் சென்று, 1873இல் கம்பளையையும் 1874ஆம் ஆண்டு டிசெம்பரில் நாவலப்பிட்டியையும் அடைந்தது. அடுத்த பத்தாண்டுகள் பாதை அங்கேயே நின்றது. ஹட்டனுக்கு வண்டி சென்றது 1884இல். நானுஓயாவுக்குச் சென்றது 1885இல். இடைப்பட்ட காலம் முழுவதும் டிக்கோயா, டிம்புளை மலைகளில் விளைந்த கோப்பி மாட்டுவண்டிகளில் இறங்கி நாவலப்பிட்டியில் புகையிரதம் ஏறியது. கொழும்பிலிருந்து வந்த அரிசியும் கருவாடும் துணியும் அங்கே இறங்கி மலையேறின. தொழில் தேடி வந்த கூட்டங்களுக்கும் அதுவே இருப்புப்பாதையின் கடைசி நிலையமாயிற்று.

ஹட்டன் பாதை திறந்த பின்னரும் நகரின் முக்கியத்துவம் குன்றவில்லை. நாவலப்பிட்டிக்கு அப்பால் நாற்பத்துநான்கடிக்கு ஓரடி என்னும் கடும் ஏற்றம் தொடங்குகின்றமையால், மலையேறும் வண்டிகளுக்கு உதவி இயந்திரம் பூட்டும் இடமாக அது அமைந்தது. புகையிரத இயந்திரசாலையும் அதைச் சார்ந்த ஊழியர் குடும்பங்களும் நகரில் நிலைபெற்றன. கோப்பி நோயால் அழிந்து, தேயிலை அதன் இடத்தைப் பிடித்தபோதும், தோட்டங்களுக்குக் கடைவீதியாக நாவலப்பிட்டி நீடித்தது. சிங்கள வணிகரும், இந்திய வணிகரும், முஸ்லிம் வணிகரும், யாழ்ப்பாணத்திலிருந்து வந்த புகையிரத உத்தியோகத்தரும் எழுதுவினைஞரும் அங்கே ஒருங்கு வாழ்ந்தனர்.

விரைந்து பெருகிய நகருக்கு ஓர் ஆட்சியமைப்பு வேண்டியதாயிற்று. தேசாதிபதி கிறெகறி காலத்தில், 1876ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம் சுகாதாரத்துக்கும் அபிவிருத்திக்குமான உள்ளூர்ச் சபைகளை உருவாக்கியது. பேச்சுவழக்கில் ‘லோக்கல் போட்’ எனப்பட்ட இச்சபைகளில் அரசாங்க அதிபர் தலைவராய் அமர, உத்தியோக உறுப்பினரும் வரியிறுப்போர் தெரிந்தெடுத்த உறுப்பினரும் இடம்பெற்றனர். கம்பளை, நாவலப்பிட்டி, மாத்தளை ஆகிய நகரங்கள் இம்முறைக்குள் வந்தன. இவற்றினும் சிறிய கடைத்தெருக்களுக்காக 1892இல் சிறுநகரச் சுகாதாரக் கட்டளைச்சட்டம் இயற்றப்பட்டது. 1899இல் மயானங்கள் பற்றிய சட்டமும், 1915இல் வீடமைப்பு நகர அபிவிருத்திச் சட்டமும் தொடர்ந்தன. இவற்றின் பெயர்களே அக்காலச் சபைகளின் கவலை யாது என்பதைக் காட்டுகின்றன. பேதியும் அம்மையும் இருப்புப்பாதை வழியே விரைந்து பரவக்கூடிய காலத்தில், கழிகால், மலகூடம், கசாப்புக்கடை, சந்தை, மயானம் என்பனவே சபைமேசையில் முதலிடம் பெற்றன. மழை மிகுந்த மலையடிவார நகரொன்றில் கழிகால் என்பது அழகுக்கான வேலையன்று, உயிர்காப்பு வேலையேயாகும்.

ஒரு கழிகாலை அமைக்கும் தீர்மானம் எவ்வாறு உருவாகும் என்பதையும் சிறிது கூறுதல் பொருந்தும். உறுப்பினர் ஒருவர் பிரேரிப்பார். குழுவொன்று இடத்தைப் பார்வையிடும். ஓவர்சியர் மதிப்பீடு தயாரிப்பார். சோலைவரியும் சந்தைக் குத்தகையும் உரிமச் சீட்டுக் கட்டணமும் சேர்ந்த வருமானத்தில் அதற்கு இடமுண்டா என நிதிக் கணக்குப் பார்க்கப்படும். பெரிய வேலையாயின் கடன் வாங்கவேண்டும். அதற்கென 1916இல் உள்ளூர்க் கடன் அபிவிருத்தி நிதி ஏற்படுத்தப்பட்டது. கடனுக்கு மேலிடத்தின் அனுமதி வேண்டும். இத்தனை படிகளையும் தாண்டி வேலை நிறைவேறும்போது, பிரேரித்த உறுப்பினரின் பதவிக்காலமே முடிந்திருத்தலும் கூடும்.

ஒரு மலையில் இரு சட்டங்கள்

நகரில் இவ்வாறு சபை வளர்ந்துகொண்டிருக்கத் தோட்டத்தில் வேறோர் ஆட்சி நடந்தது. தோட்டத் தொழிலாளரின் மருத்துவத்துக்கென 1872இலேயே தனிச் சட்டம் பிறந்துவிட்டது. அவர்களுடைய குடியிருப்பு, நீர், மருந்து, பின்னர் பாடசாலை ஆகிய யாவும் துரையின் பொறுப்பாக வகுக்கப்பட்டன. லயன் காம்பராவின் கூரை ஒழுகினால் முறையிடவேண்டிய இடம் தோட்டக் கந்தோர். பீலியில் நீர் வற்றினால் பேசவேண்டியவர் கங்காணி. அங்கே கூட்டக் குறிப்பேடில்லை, பிரேரணையில்லை, வாக்கெடுப்பும் இல்லை.

எல்லைக்கல்லின் இருபுறமும் பெய்த மழை ஒன்றே. ஒருபுறத்தில் அதனை வடிக்கச் சபை இருந்தது. மறுபுறத்தில் துரையின் மனம் இருந்தது.

இவ்வேற்பாட்டுக்கு ஆதரவாகக் கூறப்பட்ட நியாயத்தையும் ஆராய்தல் முறை. நகரத்து வீட்டுக்காரன் சோலைவரி கொடுக்கின்றான், ஆதலின் அவன் தெருவுக்கு விளக்கிடுகிறோம். தோட்டத்தான் நகரசபைக்கு எதுவும் கொடுப்பதில்லை, ஆதலின் அவனுக்கு நாம் கடமைப்பட்டவரல்லோம் என்பதே அது. மேலோட்டமாக நோக்குவார்க்கு இது சரியாகவே தோன்றும். ஆனால் நாவலப்பிட்டி போன்ற நகரின் கடைகள் யாரை நம்பி நின்றன? மலையிலிருந்து இறங்கி அரிசியும் துணியும் பாத்திரமும் வாங்கிச் சென்றோரை நம்பியே நின்றன. கடைக்காரன் இறுத்த சோலைவரியும் சந்தைக் குத்தகைக்காரன் கட்டிய பணமும் அவன் விற்ற பொருளின் விலையில் ஏறாமற் போனதில்லை. ஆதலின் தோட்டத் தொழிலாளி வரியைக் கொடுத்தே வந்தான். அவன் பெயரில் பற்றுச்சீட்டு எழுதப்படவில்லை, அவ்வளவே. நகரம் தன் வருவாயைக் கல்லின் இருபுறத்திலிருந்தும் பெற்றது. செலவை மட்டும் ஒருபுறத்தோடு நிறுத்திக்கொண்டது.

நோய் இக்கல்லை மதிக்கவில்லை. 1934ஆம் ஆண்டு மழை பொய்த்து ஆறுகள் குட்டைகளாய்த் தேங்கியபோது, நுளம்பு பெருகி மலேரியாக் கொள்ளை மூண்டது. அடுத்த ஆண்டுக்குள் ஏறக்குறைய 80,000 பேர் நாட்டில் மாண்டனர். ஆற்றுப் பள்ளத்தாக்குகளே பெரும் அழிவைக் கண்டன. சுகாதாரம் என்பது எல்லைபோட்டுப் பிரிக்கக்கூடிய பொருளன்று என்பதை இக்கொடுமை நாட்டுக்கு உணர்த்தியது.

புதிய சட்டங்களும் பழைய கோடும்

1920ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க உள்ளூராட்சிக் கட்டளைச்சட்டம் அதிகாரிகளின் பிடியைத் தளர்த்தி, மக்கட் பிரதிநிதிகள் பெரும்பான்மையாய் அமையும் சபைகளுக்கு வழிவகுத்தது. 1931இல் டொனமூர் அரசியற் றிட்டம் சர்வசன வாக்குரிமையைத் தந்தபோது, உள்ளூராட்சிக்கெனத் தனி நிர்வாகக் குழுவும் மந்திரியும் ஏற்பட்டனர். 1936 முதல் அம்மந்திரிப் பதவியில் அமர்ந்தவர் எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்கா. அவர் காலத்தில் வெளிவந்த 1939ஆம் ஆண்டின் 61ஆம் இலக்க நகரசபைக் கட்டளைச்சட்டம், பொதுச் சுகாதாரம், பொதுப் பயன்பாட்டுச் சேவைகள், பொதுத் தெருக்கள் ஆகியவற்றோடு, மக்களின் சௌகரியமும் நலனும் நகரின் வசதிகளும் நகரசபையின் பொறுப்பெனக் கூறியது. முன்னைய சட்டங்கள் நோயை அஞ்சிப் பிறந்தவை. இச்சட்டமோ வாழ்வின் இன்பத்தையும் சபையின் கடமையாக்கியது. பூங்காவும் வாசிகசாலையும் விளையாட்டு மைதானமும் இனிச் சலுகையாகாமல் கடமையாயின.

இக்கடமையை ஒரு நகரசபை எத்துணை உயர்த்தலாம் என்பதற்குத் தமிழர் நன்கறிந்த எடுத்துக்காட்டு யாழ்ப்பாணத்திலுண்டு. கே. எம். செல்லப்பா என்னும் தனிமனிதர் தம் இல்லத்திலே தொடங்கிய நூற்சேவை, 1934இல் வாடகை அறையொன்றில் பொது வாசிகசாலையாயிற்று. 1935இல் நகரசபை அதனை ஏற்றது. 1949இல் அந்நகரசபை மாநகரசபையாக உயர்ந்தபின், 1959இல் புதிய நூலகக் கட்டடம் திறக்கப்பட்டது. 1981இல் அது எரியுண்டபோது ஒரு சமுதாயம் முழுவதுமே துயருற்றது. ஒரு சபை நாற்பத்தாறு ஆண்டுகளுக்கு முன் செய்த சிறு தீர்மானம் எத்துணைப் பெருஞ் செல்வமாய் வளர்ந்திருந்தது என்பதை அத்துயரமே அளந்து காட்டியது. மலைநாட்டுத் தோட்டப் பிள்ளைகளுக்கு இத்தகைய தீர்மானத்தைச் செய்ய ஒரு சபையே இருக்கவில்லை என்பதைக் கருதும்போதுதான் எல்லைக்கல்லின் பாரம் விளங்கும்.

அப்பாரம் அக்காலத்திலேயே மேலும் கூடியது. 1937இல் கிராமச் சங்கங்களின் வாக்குரிமையை விரிவாக்கக் கொணரப்பட்ட திருத்தச் சட்டமூலம் இந்தியத் தோட்டத் தொழிலாளரை விலக்கியது. இந்திய அரசாங்கம் இதனை ஆட்சேபித்தது. அதன்மேல் இனத்தைச் சுட்டிய சொல் நீக்கப்பட்டு, தோட்டம் கொடுத்த வீட்டில் வாழும் தொழிலாளர் யாராயினும் வாக்களிக்கலாகாது என்னும் வகையில் வாசகம் மாற்றப்பட்டது. வாசகம் மாறிற்று, விளைவு மாறவில்லை. லயன்களில் வாழ்ந்தவர் யாவர் என்பதை அனைவரும் அறிவர். 1939இல் ஜவாஹர்லால் நேரு இலங்கைக்கு வந்து சென்றதையொட்டி இலங்கை இந்தியன் காங்கிரஸ் உருவாயிற்று.

1947ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தல் ஒரு நம்பிக்கையைத் தந்தது. அக்காங்கிரசின் சார்பில் எழுவர் பாராளுமன்றம் புகுந்தனர். நாவலப்பிட்டித் தொகுதி கே. இராஜலிங்கத்தைத் தன் முதற் பிரதிநிதியாய் அனுப்பிற்று. ஆனால் 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டமும், அடுத்த ஆண்டின் தேர்தற் சட்டத் திருத்தமும் தோட்ட மக்களில் மிகப் பெரும்பாலோரின் வாக்கைப் பறித்தன. 1952இல் அத்தொகுதியின் வாக்காளர் இடாப்பு வேறோர் இடாப்பாயிருந்தது. வாக்காளன் அல்லாதவனின் தெருவிளக்குக்காகப் பிரேரணை கொண்டுவர எந்த உறுப்பினருக்கும் தேவை எழவில்லை.

கல் பெயர்ந்த காலம்

1964இல் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் 975,000 பேரின் எதிர்காலத்தை எண்ணிக்கையால் வகுத்தது. 525,000 பேரை இந்தியாவும் 300,000 பேரை இலங்கையும் ஏற்பதென முடிவாயிற்று. எஞ்சிய 150,000 பேரைப் பற்றி 1974இல் மற்றுமோர் ஒப்பந்தம் எழுந்தது. இவ்வெண்களுள் நாவலப்பிட்டி நிலையத்தில் வண்டியேறி என்றென்றைக்குமாய்ப் பிரிந்த குடும்பங்களும் அடங்கும். 1972இலும் 1975இலும் நிறைவேறிய காணிச் சீர்திருத்தங்கள் தோட்டங்களை அரசுடைமையாக்கின. துரை மாறினார், எல்லைக்கல் மாறவில்லை.

1981இல் கிராமசபைகளும் பட்டினசபைகளும் ஒழிக்கப்பட்டு மாவட்ட அபிவிருத்திச் சபைகள் வந்தன. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டம் பிரதேச சபைகளை நிறுவியது. நாவலப்பிட்டி நகரசபையாகவே நீடிக்க, அதனைச் சூழ்ந்த பகுதி பஸ்பாகே கோறளைப் பிரதேச சபைக்குள் வந்தது. இப்போது தோட்டங்கள் வரைபடத்தில் ஒரு சபையின் ஆட்சியெல்லைக்குள் இருந்தன. பிரசாவுரிமை பெற்ற தோட்ட மக்கள் வாக்களித்தனர். அவர்தம் பிள்ளைகள் உறுப்பினராயும் அமர்ந்தனர். ஆயினும் தோட்டப் பாதையும் குடியிருப்பு நிலமும் சபைக்கு உரியனவல்ல என்பதால், சபைப் பணத்தை அங்கே செலவிடுவதற்குச் சட்டம் தடையாயிருந்தது. வாக்களித்த மக்கள் கேட்ட பாதையை, அவர்கள் தெரிவுசெய்த உறுப்பினரே போடவியலாத விந்தை நிலை முப்பதாண்டுகள் தொடர்ந்தது. எஞ்சியிருந்த நாடற்றோர்க்கு 2003இல் பிரசாவுரிமை வழங்கப்பட்டது. பிரதேச சபை தோட்டக் குடியிருப்புகளுக்கும் பாதை, நீர் முதலிய பொதுவசதிகளைச் செய்துகொடுக்க இடமளிக்கும் திருத்தம் 2018இல் நிறைவேறியது. அவ்வாண்டிலேயே அயல் மாவட்டமான நுவரெலியாவில், பெருந்திரளான தோட்ட மக்களைக் கொண்டிருந்த நுவரெலியா, அம்பகமுவ ஆகிய இரு பிரதேச சபைகளும் ஆறாகப் பிரிக்கப்பட்டன. 1861இல் வரிவிலக்கோடு தொடங்கிய கோடு சட்டப் புத்தகத்தினின்று அகல நூற்றைம்பத்தேழு ஆண்டுகள் சென்றன.

சட்டத்தினின்று அகன்றமை நிலத்தினின்று அகன்றமையாகாது. அதிகாரம் வந்த இடத்தில் பணம் வரவில்லை. தோட்டத்தில் வேலைசெய்யச் சபை இன்னும் தோட்ட முகாமையோடு இணங்கியே செல்லவேண்டும். இந்நிலையில் 2023ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் நடைபெறவிருந்த உள்ளூராட்சித் தேர்தல் பணமில்லையெனப் பிற்போடப்பட்டது. சபைகளின் பதவிக்காலம் அம்மாதமே முடிந்தது. அதன்பின் இரண்டு ஆண்டுகளுக்கு மேலாக நாட்டின் நகரங்களும் கிராமங்களும் உத்தியோகத்தரின் கையில் இருந்தன. இது மக்களின் அடிப்படை உரிமையை மீறிய செயலென உயர்நீதிமன்றம் 2024இல் தீர்ப்பளித்தது. தேர்தல் 2025ஆம் ஆண்டு மே 6ஆம் நாள் நடைபெற்றது. 1876ஆம் ஆண்டின் ‘லோக்கல் போட்’டிலேனும் வரியிறுப்போர் தெரிந்தெடுத்த சிலர் இருந்தனர். இவ்விரண்டாண்டுகளில் ஒருவரும் இருக்கவில்லை. பெற்ற உரிமை பேணப்படாவிடின் எவ்வளவு எளிதில் கைநழுவும் என்பதற்கு இது அண்மைக்காலச் சான்றாகும்.

முடிவுரை

மேற்கூறியவற்றால் பெறப்படுவன இரண்டு. முதலாவது, ஊராட்சி அளிக்கும் வசதி எதுவும் வாக்குரிமையினின்று பிரிந்து நிலைப்பதில்லை. எவன் கணக்கிடப்படுகின்றானோ அவன் தெருவிலேயே விளக்கு எரியும். இரண்டாவது, வாக்குரிமை மட்டும் போதிய மருந்தன்று. சபைக்கு அதிகாரமும் பணமும் இல்லாதவிடத்து வாக்கு வெறும் சீட்டாகவே எஞ்சும். தோட்ட மக்கள் முதலில் வாக்கின்றியும், பின்னர் வாக்கிருந்தும் பாதையின்றியும் வாழ்ந்த வரலாறு இவ்விரண்டையும் ஐயத்துக்கிடமின்றி நிறுவுகின்றது.

இந்துக் கல்லூரிகளில் கற்று வெளிச்செல்லும் மாணவருட் சிலர் நகரசபைகளிலும் பிரதேச சபைகளிலும் உறுப்பினராவர். பலர் அச்சபைகளின் செயலாளராகவும் எழுதுவினைஞராகவும் தொழில்நுட்ப உத்தியோகத்தராகவும் பணிபுரிவர். எஞ்சியோர் யாவரும் வரியிறுப்போராய் இருப்பர். எந்நிலையில் இருப்பினும், ஒரு மைதானத்துக்கோ ஒரு நீர்க்குழாய்க்கோ தீர்மானம் எழும்போது, அது எல்லைக்கல்லின் எப்புறத்து மக்களுக்கு எட்டும், எப்புறத்தாரின் பணத்தால் நிறைவேறும் என்னும் இரு வினாக்களையும் அவர்கள் சேர்த்தே கேட்டல் வேண்டும். நகரத்துக்கு வந்து அரிசி வாங்கிச் செல்பவன் நகரத்தின் விருந்தாளியல்லன், அதன் பங்காளி. இதனை உணர்ந்து எழுதப்படும் இரண்டு வரித் தீர்மானம் ஒன்று, எல்லைக்கு அப்பாலுள்ள ஒரு லயத்தில் பிள்ளையொன்று படிக்க விளக்கையும், குடிக்க நல்ல நீரையும் கொண்டு சேர்க்கும்.